மேல் குரல்

5 ஜனவரி 1988, செவ்வாய்

ஊசி இன்று வலது பக்கம். நேற்று இடது. இப்படியே மாற்றி மாற்றி இரண்டு மாதம், அதன் பிறகு மாத்திரை மட்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். போடுகிறவர் பாக்கியம் அக்கா. பின் தெருக்காரர், நர்ஸ். வேலைக்குப் போகிற வழியில் குடையை முருங்கைக் கொப்பில் மாட்டிவிட்டு உள்ளே வருகிறார். அடுப்பில் ஊசியைக் கொதிக்கப் போட்டுவிட்டு, அது கொதிக்கும்வரை பாளையங்கோட்டைச் செய்தி முழுவதையும் சொல்லி முடித்துவிடுகிறார்.

அம்மா சபையில் எனக்கு மஞ்சள்காமாலை என்று சொல்லி வைத்திருக்கிறாள். அக்காவுக்கு அது பொறுக்கவில்லை.

"டி.பி.ங்கதும் ஒரு சீக்குதான டீச்சர். மருந்து இருக்கு, சரியாப் போவும். இல்லாத காமாலைக்கு ஆளாளுக்குக் கீழாநெல்லியப் பறிச்சிட்டு வாராவ, அத யாரு திங்க?"

அம்மா சிரிக்கவில்லை. பெண் கேட்டு வருகிறவர்களிடம் இந்த விளக்கத்தைச் சொல்ல முடியுமா என்று கேட்டாள். சமையலறை ஜன்னலில் மூன்று கட்டு கீழாநெல்லி வாடிக் கிடக்கிறது.

கல்லூரியில் எனக்குப் பதிலாக ஒருத்தி வகுப்பெடுக்கிறாள். அது பெரிதாக வலிக்கவில்லை. பாடக்கூடாது என்றதுதான். நுரையீரல் ஆறும்வரை மூச்சை இழுத்துப் பிடிக்கிற எதுவும் கூடாதாம். பள்ளிக்கூட நாளிலிருந்து சபையின் பாடகர் குழுவில் ஆல்ட்டோ, பெண்களில் தாழ்ந்த குரல், பாடுகிறேன். ஆல்ட்டோ இருப்பது யாருக்கும் தெரியாது. இல்லாவிட்டால்தான் ஏதோ குறைகிறது என்று திரும்பிப் பார்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை யாராவது திரும்பிப் பார்த்தார்களா என்று அம்மாவிடம் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

8 ஜனவரி, வெள்ளி

அம்மா பள்ளிக்கூடம் போனபிறகு வீடு முழுவதும் நான் மட்டும். செல்வின் அண்ணன் கிறிஸ்துமஸுக்குத் தோஹாவிலிருந்து கொண்டுவந்த கம்ப்யூட்டரைத் தூசி தட்டி எடுத்தேன். விளையாட்டுக்காக வாங்கினான். லீவு முடிந்து கிளம்பும்போது, எனக்குப் பொழுதுபோகும் என்று விட்டுப் போனான். பார்க்க ஒரு தடித்த டைப்ரைட்டர் போல இருக்கிறது. டிவியில் சொருகினால் டிவிதான் அதற்கு முகம், டிவிதான் வாய்.

டிவி ஓடும்போது உள்ளே ஊசிமுனை மாதிரி ஒரு விசில் இருக்கிறது. அம்மாவுக்கு அது கேட்பதே இல்லை. எனக்குத் தெருவில் போகும்போதே எந்த வீட்டில் டிவி ஓடுகிறது என்று தெரியும், சத்தத்தை முழுக்கக் குறைத்து வைத்திருந்தாலும். இந்தத் திறமையை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் எதற்கு உதவும்.

13 ஜனவரி, புதன்

கையேட்டில் ஒலிக்கு ஒரு அத்தியாயம். இரண்டு நாளாக அதையே படிக்கிறேன்.

இந்த இயந்திரத்துக்கு மூன்று குரல்கள்தான். ஒரு நேரத்தில் மூன்று சுரம், அதற்கு மேல் இல்லை. ஒவ்வொரு சுரமும் ஒரு எண். அந்த எண்ணை எழுதினால் அது பாடும். குரலின் குணத்தை மாற்றலாம்: உருண்டையான அலை புல்லாங்குழல் மாதிரி, ரம்பப்பல் அலை தகரத்தை அறுக்கிற மாதிரி. கடைசியில் ஒரு வடிகட்டி. அதை மூடினால் ஒலியின் கூர்மை மழுங்கும், திறந்தால் திரும்ப வரும். அவ்வளவுதான் சொத்து.

இன்று மதியம் ஒரு சுரம் வந்தது. ஒற்றைச் சுரம். அண்ணன் விட்டுப்போன ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, காய்ச்சலோடு, அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். என் மூச்சைச் செலவழிக்காமல் வந்த சுரம்.

21 ஜனவரி, வியாழன்

எங்கள் குழுவின் பாட்டுகள் எல்லாம் நான்கு குரலுக்கு எழுதியவை. மூன்று குரலில் எப்படிச் சேர்ப்பது? யாரையாவது வெளியே நிறுத்த வேண்டும். முதலில் ஆல்ட்டோவைத்தான் நிறுத்தினேன், பழக்கதோஷம்.

பிறகு வேறொரு வழி தெரிந்தது. நடுவில் இருக்கும் ஒரே குரலை ஆல்ட்டோவுக்கும், ஆண்களின் உயர்ந்த குரலான டெனருக்கும் மாறி மாறித் தாவ விட்டேன், கண் இமைப்பதை விட வேகமாக. மெதுவாக ஓட்டினால் அது ஒரு குரல் அங்கும் இங்கும் அல்லாடுவதுதான். வேகம் கூடியதும் ஒரு கட்டத்தில் இரண்டு பேர் சேர்ந்து நிற்கிறார்கள். மூன்றிலிருந்து நான்கு. அடுத்து இன்னொரு சுரத்தையும் சேர்த்துத் தாவவிட்டேன். ஐந்து. ஒரு சின்னச் சபையே டிவிக்குள் நின்றது.

அந்த இரண்டு பேரும் அங்கே இல்லை. காதுதான் அவர்களை உண்டாக்கிக்கொள்கிறது. காது ஏமாறத் தயாராகவே இருக்கிறது, விட்டுப்போனதைத் தானே நிரப்பிக்கொள்கிறது.

எடை கொஞ்சம் கூடியிருக்கிறது என்றார் அக்கா.

24 ஜனவரி, ஞாயிறு

ஆராதனை முடிந்து ஆசீர் வந்தார். எங்கள் குழுவை நடத்துகிறவர், ஆர்கன் வாசிப்பவர். குழுவில் எல்லாரும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் இதுவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. அதை யாரும் கவனித்ததும் இல்லை.

வாசலோடு நின்று பேசினார். காமாலை ஒட்டாது, உள்ளே வாங்க என்று சொல்ல முடியாமல் அம்மா தவித்தாள். ஒட்டாத நோயைச் சொல்லிவிட்டு ஒட்டுகிற நோய்க்கான தூரத்தில் ஆளை நிறுத்துவது எப்படி? கடைசியில் ஜன்னலுக்கு வெளியே நாற்காலி போட்டாள். நான் டிவியை ஜன்னல் பக்கம் திருப்பி, தாவும் குரலைப் போட்டுக் காட்டினேன். அவர் எழுந்து நின்றுவிட்டார். எத்தனை பேர் பாடுகிறார்கள் என்று கேட்டார். மூன்று என்றேன். நம்பாமல் மறுபடி போடச் சொன்னார்.

போகும்போது ஒன்று சொன்னார். ஈஸ்டர் அன்று விடிவதற்கு முன்னால் சனங்கள் வந்து இருட்டில் உட்காருவார்கள், ஆராதனை தொடங்கும்வரை. அந்த நேரத்துக்கு நான் புதிதாக ஒன்று செய்து கேசட்டில் தந்தால் ஒலிபெருக்கியில் போடலாம்.

"நீ வந்து பாட வேண்டாம் சீலி. ஒன் பாட்டு வந்தாப் போதும்."

நல்ல மனதோடுதான் சொன்னார். வாக்கியத்தின் முதல் பாதி எனக்கு வேண்டியிருக்கவில்லை.

2 பிப்ரவரி, செவ்வாய்

என்ன எழுதுவது என்று தெரிந்துவிட்டது. இருட்டில் இயேசுவின் கல்லறைக்குப் போகும் பெண்கள். கீழ்க்குரல் அவர்கள் கால்கள். நடுக்குரல், தாவுகிற குரல், அவர்கள் கல்லறை வாசலில் வைத்த கல்லை யார் புரட்டுவது என்று தங்களுக்குள் பேசிக்கொள்வது. மேல் குரல் மிக மேலே, இயந்திரம் எட்டக்கூடிய உச்சியில், சின்னக் கைமணி போல. கல் ஏற்கெனவே புரண்டிருக்கிறது என்று அந்த மெட்டுக்கு மட்டும் தெரியும். ஆரம்பத்திலிருந்தே அது மேலே பாடிக்கொண்டிருக்கும். கீழே நடக்கிறவர்களுக்குக் கடைசியில்தான் கேட்கும்.

மேல் குரலுக்கு உருண்டை அலை. போட்டுப் பார்த்தேன். வீட்டுக்குள் யாரோ வெள்ளிக் கம்பியை நீட்டியது போல இருந்தது.

இந்தக் கதையில் எனக்குச் சிறுவயதிலிருந்து விளங்காத இடம் ஒன்று உண்டு. அந்தப் பெண்கள் பார்த்ததை யாரிடமும் சொல்லாமல் பயந்து ஓடினார்கள் என்று சுவிசேஷக்காரர்களில் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். அவ்வளவு பெரிய செய்தியை எப்படி ஒருவரால் சொல்லாமல் இருக்க முடியும்?

4 பிப்ரவரி, வியாழன்

மார்பு நோய் மருத்துவமனை. எக்ஸ்ரே. கூட்டம். டாக்டர் எப்போதும் கேட்பதைக் கேட்டார்: காதில் இரைச்சல் உண்டா, நடக்கும்போது தள்ளாடுகிறதா. இல்லை என்றேன். இந்த ஊசி சிலருக்குக் காதைத் தொடும், ஏதாவது மாற்றம் தெரிந்தால் உடனே சொல்ல வேண்டும் என்றார். தலையாட்டினேன்.

திரும்பும்போது அம்மா அரைக் கிலோ திராட்சை வாங்கினாள். புளிப்பு.

11 பிப்ரவரி, வியாழன்

டிவியின் விசில் நின்றுவிட்டது. எப்போது நின்றது என்று கவனிக்கவில்லை. ஓடி ஓடிச் சரியாகிவிட்டது போல. நல்லதுதான், மேல் குரலுக்கு இனி இடைஞ்சல் இல்லை.

இரண்டு முறை மின்சாரம் போனது. கேசட்டில் ஏற்றாமல் வைத்திருந்தது முழுவதும் போய்விட்டது. மறுபடி எல்லா எண்களையும் உள்ளிட்டேன்.

16 பிப்ரவரி, செவ்வாய்

கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் அதன் ரீங்காரம் அறையில் நிற்கிறது. மின்சாரம் தருகிற கருப்புப் பெட்டியாக இருக்க வேண்டும், தொட்டால் சூடாக இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கி வைத்தேன்.

17 பிப்ரவரி, புதன்

வேலை முடிந்ததும் பெட்டியைக் கழற்றி எடுத்துக்கொண்டுபோய்ச் சமையலறைப் பரணில் வைத்தேன். மோசமான பெட்டி.

22 பிப்ரவரி, திங்கள்

அம்மா மெல்லப் பேசத் தொடங்கியிருக்கிறாள். நோயாளி வீடு என்று நினைக்கிறாளோ என்னவோ. வாய்க்குள்ளேயே முனகுகிறாள். இருமுறை கேட்க வேண்டியிருக்கிறது. கேட்டால், சாதாரணமாகத்தானே சொன்னேன் என்று கோபம். பதினைந்து வருஷமாக ஒன்றாம் வகுப்புக்குக் கத்திக் கத்திப் பாடம் நடத்தின குரல் அது, ஓய்வு கேட்கிறது.

இயந்திரமும் அப்படித்தான். மேல் குரலில் பழைய வெள்ளி இல்லை. போர்வைக்குள்ளிருந்து பாடுகிறது. வெயில் ஏற ஏற உள்ளே இருக்கும் ஒலிச் சில்லு சூட்டில் மந்தமாகிறது என்று நினைக்கிறேன். வடிகட்டியைக் கொஞ்சம் திறந்தேன். சரியாகிவிட்டது.

முருங்கையில் இந்த வருஷம் அணில் தொல்லை இல்லை.

29 பிப்ரவரி, திங்கள்

காலையில் கட்டிலிலிருந்து எழுந்தபோது சுவர் என் பக்கம் வந்தது. பிடித்துக்கொண்டு நின்றேன். வெறும் வயிற்றில் மாத்திரை.

வடிகட்டியை முழுவதும் திறந்துவிட்டேன்.

3 மார்ச், வியாழன்

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

இரண்டு மாதம் முடிந்தது. சளியில் கிருமி இன்னும் இருக்கிறது. டாக்டர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பிடித்துப் பார்த்தார். ஊசியை இன்னும் ஒரு மாதம் நீட்டினால் நல்லது என்றார். ஆனால் காதில் பிரச்சினை எதுவும் இல்லை என்றால்தான். இருந்தால் ஊசியை நிறுத்திவிட்டு வேறு மருந்து. அதற்கு வார்டில் சேர வேண்டும், எத்தனை வாரம் என்று இப்போது சொல்ல முடியாது.

அம்மா அப்போது வராந்தாவில் மாத்திரைக்கு வரிசையில் நின்றிருந்தாள்.

"காதுல ஏதும் சத்தம் இருக்காம்மா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

வீட்டில் ஒரு பெட்டி ரீங்கரிக்கிறது. அது பெட்டி. பாட்டில் இன்னும் கடைசிப் பகுதி மீதி இருக்கிறது. ஈஸ்டருக்கு ஒரு மாதம் இருக்கிறது.

"இல்ல டாக்டர்."

அவர் எழுதினார்.

9 மார்ச், புதன்

மேல் குரலை ரம்பப்பல் அலைக்கு மாற்றினேன். இப்போதுதான் தெளிவாகத் தெரிகிறது. அழகு கொஞ்சம் குறைவு, ஆனால் இருக்கிறது. ஒரு மாதம் முன்னால் இதைக் கேட்டிருந்தால் காதைப் பொத்தியிருப்பேன். ருசி மாறுகிறது. நாக்கு மாறும்போது காது மாறாதா. மாத்திரை தின்று தின்று காப்பியே எனக்குத் துரு வாசம் அடிக்கிறது.

நான் பாட்டைப் போட்டதும் அம்மா எழுந்து சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். பக்கத்து வீட்டு நாய் மதில் நிழலை விட்டு எழுந்து தெருமுனைக்குப் போய்விடுகிறது.

14 மார்ச், திங்கள்

பால் பொங்கி வழிந்தது.

18 மார்ச், வெள்ளி

ஜன்னலுக்கு நேரே முருங்கைக் கொப்பில் ஒரு அணில். கீழே பூனை ஏதாவது இருந்திருக்கும். வாலைத் தூக்கித் தூக்கி அடித்தது. ஒவ்வொரு அடிக்கும் வயிறு குலுங்கியது, வாய் திறந்து மூடியது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜன்னலைச் சாத்திவிட்டேன். கண்ணாடி ஜன்னல். சாத்தியபிறகு பார்த்தால் எல்லாம் முன்போலவே இருந்தது.

22 மார்ச், செவ்வாய்

பாட்டு முடிந்தது. மேல் குரலுக்கு இனிக் கொடுக்க எதுவும் மிச்சமில்லை. கூர்மையான அலை, முழுதாகத் திறந்த வடிகட்டி, முழுச் சத்தம். கீழ்க் குரல்கள் இரண்டையும் அதற்காகக் குறைத்துவிட்டேன். இப்போது மூன்றும் என் காதில் சரிசமமாக நிற்கின்றன. மூன்று பெண்களும் ஒரே வரிசையில்.

பாக்கியம் அக்கா ஊசி போடும்போது ஏதோ சொன்னார், நான் வேறு எதற்கோ பதில் சொன்னேன் போல. ஏட்டி, காதுல பஞ்சா வச்சிருக்க என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். பாட்டு யோசனை என்றேன்.

27 மார்ச், ஞாயிறு

குருத்தோலை ஞாயிறு. அம்மா ஓலைச் சிலுவை கொண்டுவந்து கம்ப்யூட்டர் மேல் வைத்தாள். ஆசீர் டேப்ரிக்கார்டரோடு வந்தார். சளியில் கிருமி இல்லை, இனி என்னால் யாருக்கும் ஒட்டாது என்று போன வாரம் டாக்டர் சொல்லிவிட்டதால் உள்ளே வந்து உட்கார்ந்தார். இரண்டு மாதமாக நான் மனதுக்குள் நடத்திப் பார்த்த காட்சி.

பாட்டைப் போட்டேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்கள் சுருங்கின. தலையை லேசாகப் பின்னால் இழுத்தார், முகத்துக்கு நேரே யாரோ தீக்குச்சி கிழித்தது போல. உடனே சரிசெய்துகொண்டு புன்னகைத்தார்.

முடிந்ததும், நடை ரொம்ப நன்றாக இருக்கிறது என்றார். அந்த இருட்டு வந்திருக்கிறது என்றார். மேல் குரல் மட்டும் கொஞ்சம் கூர்மையோ என்று தயங்கிக் கேட்டார். இல்லை என்றேன். டிவி ஸ்பீக்கர் அப்படிக் காட்டலாம் என்றேன். உங்கள் டேப்ரிக்கார்டரின் தலையைத் துடைத்து எவ்வளவு நாளாயிற்று என்றும் கேட்டேன். அவ்வளவு கடுமையாகக் கேட்டிருக்க வேண்டாம்.

அவர் வாசலில் செருப்பை மாட்டும்போது அம்மாவிடம் ஏதோ பேசினார். உதடுகள் அசைந்தன. அம்மா என் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

1 ஏப்ரல், வெள்ளி

பெரிய வெள்ளி. அம்மா மதியம் மூன்று மணி நேரம் நடக்கும் மும்மணி ஆராதனைக்குப் போனாள். வெயில். வீட்டில் நானும் ரீங்காரமும்.

3 ஏப்ரல், ஞாயிறு

ஈஸ்டர்.

நாலு மணிக்கே போய்விட்டோம். கடைசி வரிசை. விளக்குகளை அணைத்துவிட்டிருந்தார்கள். சேலை உரசும் சத்தம், குழந்தைகளின் கொட்டாவி, எல்லாம் இருந்திருக்கும். நான் கைகளை இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கீழ்க்குரல் வந்தது. கால்கள். பெரிய ஒலிபெருக்கியில் கல்தரை அதிர்ந்தது, பாதம் வழியாக ஏறியது. பிறகு நடுக்குரல், தாவித் தாவி, மூன்று பேர் கிசுகிசுப்பதாக. நான் எழுதியதைவிட நன்றாக இருந்தது. மேல் குரலுக்காகக் காத்திருந்தேன்.

அது வரவில்லை.

வர வேண்டிய இடம் கடந்தது. அடுத்த இடம் கடந்தது. பெண்கள் நடந்துகொண்டே இருந்தார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள், மேலே யாரும் இல்லை. கல் புரளவில்லை. கடைசிவரை வெறும் நடை. அப்படியே நின்றது.

விளக்குகள் எரிந்தபோது முன்வரிசையில் ஒரு கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எதற்காக?

ஆராதனை முடிந்ததும் ஆர்கன் பக்கம் போனேன். மேல் குரலை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டேன். முதலில் அவருக்குப் புரியவில்லை.

"எடுக்கலையே சீலி. கூர்மையா இருந்துச்சுன்னு ட்ரெபிள மட்டும் எறக்கி வச்சேன். அழகாத்தான கேட்டுது. எல்லாரும் அதத்தான் சொல்லுதாவ."

பொய் சொல்லுகிறார் என்று நினைத்தேன். அவரிடம் சொல்லியும்விட்டேன். என் பாட்டின் தலையை வெட்டிவிட்டு முண்டத்தை நடக்கவிட்டீர்கள் என்றேன். சுற்றி நாலைந்து பேர். அவர் என்னைப் பார்த்த விதத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் இன்று தூங்கலாம்.

4 ஏப்ரல், திங்கள்

மூன்று மாதம். அதற்கு என்ன அர்த்தம் இருந்தது என்றால், அந்த ஒரு மெட்டு மட்டும்தான். மற்றது எல்லாம் அதற்குப் போட்ட தரை. அதை மட்டும் எடுத்துவிட்டார். ட்ரெபிளாம்.

கம்ப்யூட்டரைத் தொடவில்லை. சாப்பிடவில்லை. அம்மா எதுவும் கேட்கவில்லை, அல்லது கேட்டாள்.

5 ஏப்ரல், செவ்வாய்

பாக்கியம் அக்கா வழக்கம்போல வந்தார். அம்மா அப்போதுதான் பள்ளிக்கூடம் கிளம்பிப் போயிருந்தாள். அக்கா அடுப்பில் ஊசியைக் கொதிக்கப் போட்டுவிட்டு எனக்கு முதுகைக் காட்டி நின்றபடி எதையோ முனகிக்கொண்டிருந்தார். அக்காவின் குரல் கட்டை. ஆண்களோடு நின்று பாடலாம்.

நான் கட்டிலில் படுத்திருந்தேன். முதல் நாலு சுரம் வந்தபோது எதுவும் தோன்றவில்லை. ஐந்தாவதில் எழுந்து உட்கார்ந்தேன். மேலே ஏறி, ஒரு கணம் நின்று, கால் வழுக்கியது போல இறங்கி, மறுபடி ஏறுகிற அந்த இடம். அதை நான் பதினோரு தடவை மாற்றி எழுதியிருக்கிறேன். உலகத்தில் வேறெங்கும் அது இல்லை.

அக்கா எங்கள் வீட்டில் இருக்கும் நேரம் நான் ஒருநாளும் இயந்திரத்தைப் போட்டதில்லை. அவர் அந்தப் பாட்டைக் கேட்டது ஒரே ஒரு இடத்தில்தான்.

"அது எங்கன கேட்டீங்க?"

"எது? இதா? ஒன் பாட்டுதானட்டி. கோயில்ல போட்டாவல்லா. ரெண்டு நாளா நாக்குலயே ஒட்டிக்கிட்டுக் கெடக்கு. மேல குருவி மாதிரி ஒண்ணு பாடிச்சே..."

பேச்சு பாதியில் நின்றது. என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கிட்டே வந்து என் வலது காதருகே விரல்களைத் தேய்த்தார். பிறகு இடது. தேய்ப்பது தெரிந்தது, காற்று தெரிந்தது. ஓசை இல்லை. நர்ஸுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அடுப்பை அணைத்தார். கொதித்த ஊசியைத் துடைத்து மறுபடி டப்பாவிலேயே வைத்து மூடினார். அருகில் வந்து உட்கார்ந்தார்.

"எப்பமிருந்து?"

டிவி விசில் நின்ற நாளைச் சொன்னேன். விசில் என்றால் அவருக்குப் புரியவில்லை. பிப்ரவரி என்றேன்.

அவர் உள்ளங்கை என் முழங்காலில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார், தன் கையிடம் சொல்வதுபோல.

"நாந்தானட்டி போட்டேன் அம்புட்டையும்."

6 ஏப்ரல், புதன்

டாக்டர் இசைக்கவையைத் தட்டிக் காதருகே பிடித்தார். பெரிய கவை கேட்டது. அதைவிடச் சின்னது கேட்டது. கடைசியில் ஒன்று, மிகச் சின்னது, அவர் விரலில் நடுங்குவதைக் கண்ணால் பார்த்தேன்.

போனது திரும்பாது என்றார். ஊசியை நிறுத்தினாலும் இன்னும் கொஞ்ச காலம் குறையக்கூடும், எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கோபமாக இல்லை. ஒவ்வொரு தடவையும் கேட்டேனேம்மா என்றார். ஆமாம், கேட்டார்.

சளியில் இந்த முறையும் கிருமி இல்லை. நுரையீரல் நன்றாக ஆறிக்கொண்டு வருகிறதாம். அம்மா முதலில் அதற்கு அழுதாள், பிறகு மற்றதற்கு. எந்த அழுகை எங்கே முடிந்தது என்று தெரியவில்லை. ஜூன் முதல் பாடலாம் என்று டாக்டர் சொன்னார்.

அந்தப் பெண்கள் ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று பிப்ரவரியில் எழுதியிருக்கிறேன். சொல்லும்வரை அது நடந்திருக்காது. அவ்வளவுதான்.

8 ஏப்ரல், வெள்ளி

ஆசீர் வந்தார். நான் தூங்குகிறேன் என்று சொல்லச் சொன்னேன். ஜன்னல் வழியாக அவர் போவதைப் பார்த்தேன். வாசலில் நின்று அம்மாவிடம் வெகுநேரம் பேசினார். இந்த முறை கேட்க முயற்சி செய்யவில்லை.

9 ஏப்ரல், சனி

அம்மாவுக்கு லீவு. வடகம் பிழிந்து மொட்டைமாடியில் காயப்போட்டாள். நான் காக்காய்க்குக் காவல் இருந்தேன். வெயில் ஏறியதும் உள்ளே வந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். இரண்டாம் தேதிக்குப் பிறகு முதல் தடவை.

சின்னதாக ஒரு நிரல் எழுதினேன். ஒரே குரல், உருண்டை அலை. அடியிலிருந்து தொடங்கிப் படிப்படியாக மேலே ஏறும், உச்சிக்குப் போனதும் நான் விசையைத் தட்டும்வரை அங்கேயே நிற்கும். எந்தப் படியில் இருக்கிறது என்று திரையில் எண் ஓடும். எனக்கு எதுவரை மிச்சம் என்று தெரிய வேண்டும். எல்லை தெரிந்தால் அதற்குள் எழுதலாம் என்று நினைத்தேன். மூன்று குரலுக்குள் ஐந்து பேரை நிறுத்தியவள்தானே.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொருவர் வேண்டும். அம்மாவைக் கூப்பிட்டு என் பக்கத்தில் உட்கார வைத்தேன். கேட்கிறவரைக்கும் கையைத் தூக்கி வைத்திருங்கள், நின்றதும் இறக்கிவிடுங்கள் என்றேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி அம்மா வலது கையைத் தூக்கினாள். நானும் தூக்கினேன்.

ஏறியது. பாதிக்கு மேலே கொஞ்ச தூரம் வரை வந்தது. மெலிந்தது. ஒரு படியில் இருந்தது, அடுத்த படியில் இல்லை. கையை இறக்கினேன். அம்மாவும் அதே நேரத்தில் இறக்கினாள்.

"எனக்கும் அவ்வளவுதாம்ட்டி கேக்கு."

திரையை அவள் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். எதற்கு என்று கேட்டாள், வேண்டாம் சீலி என்றாள் என்று நினைக்கிறேன். திரும்பி உட்கார்ந்தாள். கையைத் தூக்கினாள். விசையைத் தட்டினேன்.

என் படி வந்தது. என் கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டேன், ஓசையில்லாமல். அம்மாவின் கை அப்படியே இருந்தது. எண்கள் ஏறின. என் மேல் குரல் தொடங்கும் படி வந்தது, அது கால் வழுக்கி இறங்கும் படி வந்தது. ரவிக்கைக் கை நழுவி முழங்கை தெரிந்தது, வடக மாவு காய்ந்து ஒட்டியிருந்தது. உச்சிக்கு வந்து எண் நின்றது. இயந்திரத்தால் அதற்கு மேல் போக முடியாது.

நான் விசையைத் தட்டவில்லை.

அம்மாவுக்குக் கை வலித்திருக்க வேண்டும். இடது கையைக் கொண்டுவந்து வலது முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். இறக்கவில்லை.